நீலக் கூண்டின் ஈரம்

கோவ் யுன்ஷான் இருபத்தாறு வருடம் எலிகளுக்கு இரை போட்டார். அதற்கு முன் ஒன்பது வருடம் அதே கல்லூரியின் கொதிகலனுக்குக் கரி போட்டார். இரண்டும் ஒரே வேலைதான் என்பார். நேரத்துக்குப் போட வேண்டும், அளவாகப் போட வேண்டும்.

லான்ஜோ நகரில், மஞ்சள் ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மருத்துவக் கல்லூரியின் பின்கட்டில் அந்த அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. காலை ஆறு மணிக்கு விளக்கு தானாக எரியும், மாலை ஆறுக்குத் தானாக அணையும். எந்த எலி எப்போது சாகும் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும் என, அவரைச் சித்தப்பா என்று கூப்பிடும் மாணவர்கள் நம்பினார்கள். அவர் மறுத்ததில்லை. முதுகு மயிர் சிலிர்த்து நின்றால் மூன்று நாள். கூண்டின் மூலையை விட்டு நடுவில் வந்து படுத்தால் ஒரு நாள். பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் தெரியும். யாரும் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை, அவ்வளவுதான்.

அவருடைய வெள்ளைக் கோட்டின் வலப் பையில் எப்போதும் அரை ரொட்டி இருக்கும். ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டி. பசிக்காக அல்ல. அவருக்கு ஏழு வயதானபோது அவர் ஊரில் தானியம் தீர்ந்துபோனது. மரப்பட்டையை இடித்துத் தின்றார்கள். நாலு வயதில் ஒரு தங்கை இருந்தாள். அடுத்த வசந்தத்தில் அவள் இல்லை. இதைப் பற்றி அவர் வீட்டில் மொத்தம் இரண்டு முறை பேசியிருக்கிறார். இரண்டு முறையும் ஒரே வாக்கியம்தான். "வாயில ஒரு கிள்ளு இருந்திருந்தா போதும்."

ஐம்பத்தைந்து வயதில், ஒரு பனி விடாத மார்ச் மாதத்தில், ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருபத்து நான்கு எலிகளுக்கு இடம் கேட்டு வந்தாள். மெலிந்த பெண், பெரிய கண்ணாடி. பெயர் மியாவ் பெய்லிங்.

"குடும்பப் பேரு என்ன சொன்னே?"

"மியாவ்."

"எலி ரூமுக்கு வர்றதுக்கு வேற பேரே கிடைக்கலையாம்மா உனக்கு? வாசல்ல சத்தமாச் சொல்லாதே. பாதி எலி பயத்துலயே போயிடும்."

"நேத்துதான் கேட்டேன் இந்த ஜோக்கை, சித்தப்பா. பாய்லர் ரூம்ல."

"பாய்லர் ரூம்ல சொன்னவனும் என்கிட்ட கத்துக்கிட்டவன்தான்."

அவள் சோதிக்க வந்தது ஒரு கஷாயத்தை. பேராசிரியர் துவான் பழைய ஏட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த ஐந்து மூலிகைகள். சர்க்கரை நோய்க்கு அந்த ஏட்டில் இருந்த பெயர் 'தாகம் தின்னும் நோய்'. முதல் மூலிகை ஹுவாங்சி வேர். அது கோவின் சொந்த மாவட்டத்தில் விளைவது. கடைசி மூலிகை ஹுவாங்லியன், நாக்கில் பட்டால் அரை நாள் போகாத கசப்பு.

ஏற்பாடு எளிது. எலிகளின் கணையத்தைக் கெடுக்க ஒரு ஊசி. பத்து நாளில் அவற்றுக்குச் சர்க்கரை நோய் வந்துவிடும். பிறகு மூன்று பங்கு. நீலச் சீட்டு ஒட்டிய எட்டுக் கூண்டுகளுக்குத் தினமும் கஷாயம். மஞ்சள் சீட்டு எட்டுக்கு, ஆஸ்பத்திரியில் மனிதர்களுக்குக் கொடுக்கும் அதே மாத்திரை கரைத்த நீர். சிவப்புச் சீட்டு எட்டுக்கு வெறும் தண்ணீர். கூண்டுக்கு ஒரு எலி. ஆறு வாரம். புதன்கிழமைதோறும் ரத்தம் பார்க்க வேண்டும். அன்று காலை ஆறு மணிக்கு கோவ் எல்லாக் கூண்டிலும் இரையை எடுத்துவிடுவார். ஒன்பது மணிக்குப் பெய்லிங் உருண்டை முனை ஊசியால் ஒவ்வொன்றின் தொண்டையிலும் அதனதன் பங்கை இறக்குவாள். பன்னிரண்டு மணிக்கு வால் நுனியில் ஒரு துளி. நடுவில் எதுவும் தின்னக் கூடாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

"ஆறு மணி நேரம் பட்டினியா?" என்றார் கோவ்.

"தின்னா சர்க்கரை ஏறிடும் சித்தப்பா. அப்புறம் மருந்து வேலை செய்யுதா, சாப்பாடு வேலை செய்யுதான்னு தெரியாது."

"புரியுது, புரியுது." விதிமுறைத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அவருக்கு இந்தச் சோதனை மற்ற சோதனைகளைப் போல இல்லை. எட்டு வருடமாக அவருக்கும் அதே நோய். அந்த ஜனவரியில் மருத்துவர் சொல்லிவிட்டார்: மாத்திரை இனிப் போதாது, இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டும். கோவ் தலையாட்டிவிட்டு வந்து, மருந்துச்சீட்டை மடித்து டீத்தூள் டப்பாவுக்குள் வைத்தார். ஊசி ஆரம்பித்தால் சாகும்வரை நிறுத்த முடியாது என்பது அவர் கணக்கு. நீலச் சீட்டு எலிகள் தேறினால் அதே கஷாயத்தைத் தானும் குடிப்பது. தேறாவிட்டால் ஊசி. மனைவி லாமெயிடம் இதைச் சொன்னபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஊருல எல்லாரும் டாக்டர்கிட்ட கேப்பாங்க. நீ எலிகிட்ட கேக்கறே."

"எலி பொய் சொல்லாதுடி."

"எலிக்குப் பொய் சொல்லத் தெரியாது. உனக்குக் கேக்கத் தெரியுமா கிழவா?"

ஜூன் மாதம் கணக்குப் பார்த்தார்கள். நோயில்லாத எலிக்குச் சர்க்கரை, அங்கே வழங்கும் அளவையில், ஏழு இருக்கும். சிவப்பின் சராசரி இருபத்து நான்கு. மஞ்சள் பன்னிரண்டு. நீலம் பதினேழு. கஷாயம் ஏழு புள்ளி இறக்கியிருந்தது. பெய்லிங் தாழ்வாரத்தில் குதித்தாள். பேராசிரியர் துவான் சிரித்து யாரும் பார்த்ததில்லை, அன்று பார்த்தார்கள்.

கோவுக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. சர்க்கரை நோய் வந்த எலி மூத்திரமாகவே பெய்யும். கூண்டில் போடும் மரச்சீவல் ஒரே நாளில் ஊறிவிடும். மஞ்சள் கூண்டுகள் நாலாவது வாரத்திலிருந்து காயத் தொடங்கின. நீலக் கூண்டுகள் காயவில்லை. சீவலை அள்ளும்போது சிவப்பும் நீலமும் கையில் ஒரே கனம் கனத்தன. ஆனால் எண் ஏழு புள்ளி இறங்கியிருக்கிறதே. கை பெரிதா, கருவி பெரிதா? அவர் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் குடிக்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் இடது கால் சுண்டுவிரலில் செருப்பு கடித்தது. அவருக்கு வலிக்கவில்லை. வலிக்காததுதான் கேடு. விரல் கறுத்த பிறகு லாமெய் பார்த்தாள். இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். விரலை எடுத்தார்கள். அங்கே இருந்தவரை ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் ஊசியை விட்டார், பழைய மாத்திரைக்குத் திரும்பினார். நொண்டிக்கொண்டு நடக்க டிசம்பர் ஆயிற்று.

அவர் இல்லாத இலையுதிர்காலத்தில், வேறோர் ஆளை வைத்துப் பெய்லிங் இரண்டாம் முறை சோதித்தாள். அதே பங்கு, அதே ஆறு வாரம். கஷாயம் தோற்றுப்போனது. சிவப்பு பதினேழு. நீலம் பதினேழு. மஞ்சள் மட்டும் வழக்கம்போலப் பன்னிரண்டு.

கோவ் வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கஷாயப் பானை முன்னால் குந்தியிருந்தாள்.

"வேரைத்தான் சந்தேகப்படறார் துவான் ஐயா. இந்தத் தடவை வந்த ஹுவாங்சி வேற ஊரு வேராம்."

"நீ என்ன நினைக்கிறே?"

"நான் நினைக்கறதுக்கு ரெண்டு வருஷம்தான் மிச்சமிருக்கு, சித்தப்பா. பட்டம் வாங்கணும்."

அவர் மூலிகைப் பையிலிருந்து அந்த வேரில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். நல்ல ஹுவாங்சி மென்றால் பச்சை மொச்சையின் வாசம் வர வேண்டும், பின்னால் இனிக்க வேண்டும். இது வைக்கோலாக இருந்தது.

"இதை மாட்டுக்குப் போடு. நான் எங்க ஊருலேருந்து கொண்டாறேன்."

ஞாயிற்றுக்கிழமை தியான்ஜினிலிருந்து மகள் ஷுவாங் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்குத் தண்ணீர் மீட்டர்களைச் சரிபார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அவர் இரண்டு சோதனைகளின் எண்களையும் படித்துக் காட்டினார்.

"அப்பா, ஒரு நிமிஷம். நீலம் ரெண்டு தடவையும் பதினேழுதானா?"

"ஆமா."

"அப்ப மருந்து எங்கே தோத்துச்சு? அது நின்ன இடத்துலயேதான் நிக்குது. சிவப்புதானே இருபத்து நாலுலேருந்து பதினேழுக்கு வந்திருக்கு. தண்ணி குடிச்ச எலி தேறியிருக்குப்பா."

அவர் எண்களை இன்னொரு முறை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "உங்க மீட்டர்ல ரெண்டு கருவி ரெண்டு மாதிரி காட்டினா என்ன செய்வீங்க?"

"மூணாவதா ஒண்ணால அளப்போம். முதல் ரெண்டுக்கும் சம்பந்தமில்லாத ஒண்ணால. கால் எப்படி இருக்கு?"

"கால் இருக்கற இடத்துல இருக்கு. விரல்தான் போயிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை.

தண்ணீர் குடித்த எலி ஏன் தேறியது என்று அவர் பேராசிரியரிடமும் கேட்டார். துவானிடம் விடை தயாராக இருந்தது. அந்தத் தடவை கணையத்தைக் கெடுக்கும் ஊசி சரியாகப் பிடித்திருக்காது, எல்லா எலிக்கும் நோய் லேசாகவே வந்திருக்கும். "லேசான நோய்ல மூலிகை வேலை காட்டாது, கோவ். அதுக்கு மேல இந்த வேர் வேற." காரணம் கச்சிதமாக இருந்தது. கோவ் தலையாட்டினார். அப்படியானால் மஞ்சள் ஏன் இன்னும் கீழே போகவில்லை என்று வாசல் தாண்டிய பிறகுதான் தோன்றியது.

புத்தாண்டு கழிந்ததும் ஊருக்குப் போய் வேர் வாங்கி வந்தார். சந்தையில் பதினொரு கடையில் மென்று பார்த்து, பன்னிரண்டாவது கடையில் வாங்கினார். மூன்றாம் சோதனை பிப்ரவரியில் தொடங்கியது. இந்தத் தடவை ஒரு புது வேலையும் ஒரு பழைய வேலையும் செய்தார். ஒன்று, தினமும் ஒவ்வொரு கூண்டின் ஈரச் சீவலையும் பழைய தராசில் நிறுத்து ஒரு நாட்காட்டியின் பின்பக்கத்தில் குறித்தார். ஆய்வுக்கூடத்தில் யாருக்கும் அது தேவையில்லை, யாரும் கேட்கவுமில்லை. மற்றொன்று வழக்கமானது. புதன்கிழமை காலை, பெய்லிங் மருந்து இறக்கிவிட்டுப் பானை கழுவப் போனதும், பன்னிரண்டு மணிவரை அவர் அலமாரிகளைத் துடைத்தார், கூண்டுகளோடு பேசினார்.

ஏப்ரலில், சோதனையின் கடைசிப் புதன்கிழமை, ரத்தம் எடுத்த கையோடு எண்கள் வந்தன. சிவப்பு இருபத்து நான்கு, மஞ்சள் பன்னிரண்டு, நீலம் பதினேழு.

கஷாயம் திரும்ப வென்றுவிட்டது. பேராசிரியர் துவான் தாழ்வாரத்தில் அவர் தோளைத் தட்டினார். "உங்க ஊரு வேருதான் கோவ்! கட்டுரையில நன்றி சொல்லி உங்க பேரைப் போடறோம்."

அன்று மத்தியானம் பெய்லிங் அவருக்கு ஒரு குவளைக் கஷாயம் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க சித்தப்பா. இனிமே பயமில்லை."

அவர் குவளையைப் பார்த்தார். நாட்காட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஆறு வாரம். மஞ்சளின் எடை வாரத்துக்கு வாரம் இறங்கியிருந்தது. சிவப்பும் நீலமும் ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு கோடுகள். ஆறு வாரத்தில் ஒருநாள்கூடப் பிரியவில்லை. சர்க்கரை ஏழு புள்ளி குறைந்த எலி, குறையாத எலி பெய்த அதே மூத்திரத்தைப் பெய்திருக்கிறது. எப்படி?

குவளையை மூடி வைத்துவிட்டு அன்றைய சீவலைக் கொட்டப் போனார். மூன்றாவது சிவப்புக் கூண்டைக் கவிழ்த்தபோது மரச்சீவலுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று இருந்தது. பட்டாணி அளவு. எடுத்து விரலில் நசுக்கினார். இழுபட்டது.

ரொட்டி.

அவர் கை தானாக வலப் பைக்குப் போனது. காலையில் அரை ரொட்டி வைத்திருந்தார். கால் ரொட்டிதான் மிச்சம் இருந்தது. அன்று அவர் ஒரு வாயும் தின்றிருக்கவில்லை.

எல்லாக் கூண்டின் சீவலையும் தனித்தனியாகச் சல்லடையில் போட்டுச் சலித்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிவப்பில் ஐந்து கூண்டில் ரொட்டித் துணுக்கு இருந்தது. நீலத்தில் இல்லை. மஞ்சளில் இல்லை. ஒன்றில்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. பட்டினி கிடக்கிற வாயைப் பார்த்துக் கை கிள்ளிப் போட்டிருக்கிறது, சரி. அவருக்கே தெரியாமல் போட்டிருக்கிறது, அதுவும் சரி. ஆனால் இருபத்து நான்கும் பட்டினிதானே? கைக்கு நிறம் எப்படித் தெரிந்தது?

வீட்டுக்குப் போய்ச் சாப்பாட்டு மேசையில் லாமெயிடம் கேட்டார்.

"நான் தெரியாம யாருக்காவது தின்னக் குடுப்பேனா?"

"தெரிஞ்சு என்னிக்குக் குடுத்திருக்கே? பேசிக்கிட்டே இருப்பே, உன் கை பாட்டுக்கு ஜன்னல்ல குருவிக்குப் போடும், பக்கத்து வீட்டு நாய்க்குப் போடும். ஷுவாங் கல்யாணத்துல சம்பந்தி தட்டுல கிள்ளிப் போட்டியே, அந்த அம்மா முழிச்ச முழி!"

"யாருக்காவது போடாம இருந்திருக்கேனா?"

அவள் யோசித்தாள். "ஷுவாங் சின்னதுல காய்ச்சலாக் கிடப்பா. மருந்து குடிச்சிட்டுப் பசிக்குதுன்னு அழுவா. ஒரு பருக்கை குடுத்திருப்பியா நீ? மருந்து குடிச்ச வாய்க்கு அரை மணி நேரம் ஒண்ணும் ஆகாதுன்னு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நிப்பே. கல்லு மாதிரி நிப்பே. எதுக்குக் கேக்கறே?"

அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

நீலம் மருந்து குடித்த வாய். மஞ்சள் மருந்து குடித்த வாய். சிவப்பு வெறும் தண்ணீர் குடித்தது. தண்ணீர் குடித்த வாய்க்கு விலக்கு ஏது? ஒன்பது மணிக்குப் பெய்லிங் போனதும் அவர் துணியோடு அலமாரியைச் சுற்றி வந்திருக்கிறார். கை நீலத்தைக் கண்டு நின்றிருக்கிறது. மஞ்சளைக் கண்டு நின்றிருக்கிறது. கைக்கு நிறம் தெரியும், அரை மணி தாண்டியது தெரியாது. சிவப்பில் இறங்கியிருக்கிறது. மாவு ரொட்டி, வெறும் வயிறு, இருபத்து நான்கு. கஷாயம் எதையும் இறக்கவில்லை. அவர்தான் சிவப்பை ஏற்றியிருக்கிறார்.

மூன்று நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"என்ன சித்தப்பா, ஹுவாங்லியன் தின்ன ஊமை கசப்பைச் சொல்ல முடியாம முழிக்கற மாதிரி இருக்கீங்க?" என்றாள் பெய்லிங். அவள் கட்டுரையின் வரைபடங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோடு உயரத்தில் இருந்தது.

நான்காம் நாள் பெய்லிங்கையும் துவானையும் உட்காரவைத்துச் சொன்னார். நாட்காட்டியைக் காட்டினார். ரொட்டித் துணுக்குகளை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தார், அதையும் காட்டினார். துவான் காகிதத்தைப் பிரித்து நெடுநேரம் பார்த்தார்.

"எத்தனை புதன்கிழமை?"

"எல்லாப் புதனும்தான் இருக்கும். முதல் சோதனையிலும்."

"நடுவுல நீங்க ஆஸ்பத்திரியில இருந்தீங்க."

"ஆமா. அதான் அப்ப சிவப்பு ஏறலை."

துவான் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லாம விட்டிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது, கோவ்."

"ஐயா, நான் அதைத் திரும்பவும் குடிக்கணும்னு இருந்தேன். மூணு மாசம் குடிச்சுத்தான் விரலை விட்டேன். இதைப் படிச்சிட்டு இன்னும் எத்தனை பேரு மாத்திரையை நிறுத்துவானோ."

பெய்லிங் எழுந்து வெளியே போனாள். ஒன்பது நாள் அவள் அந்த அறைக்கு வரவில்லை. பத்தாவது நாள் வந்தாள். கையில் ஒரு பசைநாடாச் சுருள்.

"ஒரு வருஷம் போச்சு எனக்கு."

"தெரியும்மா."

"உங்க மேல எவ்வளவு கோபம்னா, உங்க பேரை ஒரு எலிக்கு வெச்சு முதல்ல அதுக்கு ஊசி போடலாம்னு இருந்தேன்."

"எந்த எலி? நல்லா வளர்ந்ததா இருக்கட்டும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நிறச் சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தாள். அவற்றின் இடத்தில் எண்களை ஒட்டினாள், ஒன்றிலிருந்து இருபத்து நான்குவரை, கலைத்துப் போட்டு. எந்த எண் எந்த நிறம் என்ற பட்டியலைத் துவான் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார். மருந்தையும் தண்ணீரையும் வேறொரு மாணவி எண் போட்ட குப்பிகளில் ஊற்றிக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் கறுப்புச் சாயம், எல்லாம் ஒரே மாதிரி.

கோவ் தன் கோட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் லாமெயிடம் நீட்டினார்.

"ரெண்டு பையையும் தெச்சுடு."

"பைக்கு என்ன ஆச்சு?"

"பைக்கு ஒண்ணும் ஆகலை. கைக்குத்தான்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கறுப்பு நூலால், கோட்டோடு ஒட்டாத நிறத்தில், எல்லாரும் பார்க்கும்படி தைத்துக் கொடுத்தாள்.

நான்காம் சோதனை மே, ஜூனில் நடந்தது. புதன்கிழமைகளில் அவர் ரொட்டியை அறைக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டார். அலமாரி துடைக்கும்போது கை பலமுறை தைத்த பையில் போய் முட்டியது. தான் அதை எத்தனை முறை செய்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முதல் புதனில் நாற்பத்தொரு தடவை. அவர் எண்ணினார்.

இரை எடுத்த கூண்டுகளில் எலிகள் மூக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டிக் காற்றைத் தேடின. "பன்னிரண்டு மணி வரைக்கும் பொறுங்கடா," என்றார். "உங்களுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் இது."

கடைசி வாரம், பட்டியல் திறக்கும் முன், பெய்லிங்கிடம் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ஐந்து எண்கள் எழுதியிருந்தது.

"இது என்ன சித்தப்பா?"

"ஈரம் எல்லாத்துலயும் பாத்துட்டேன். எட்டுக் கூண்டு காஞ்சிருக்கு, அது மஞ்சள், அதுல சந்தேகமில்லை. மிச்சம் பதினாறும் ஒரே ஈரம். உன் கஷாயம் சர்க்கரையை இறக்கலை. ஆனா நீ குத்தின வால் நுனிப் புண்ணைப் பாரு. இந்த அஞ்சுல மட்டும் மூணே நாள்ல காயுது. மத்ததுக்கு அஞ்சு நாள், ஆறு நாள்."

"எது எந்த நிறம்னு உங்களுக்கு எப்படி..."

"தெரியாது. அதான் எழுதிக் குடுக்கறேன். நீ அப்புறம் திறந்து பாரு."

துவான் மேசையைத் திறந்தார். சிவப்பு பதினேழு. நீலம் பதினாறரை. மஞ்சள் பன்னிரண்டு. அந்த அரைப் புள்ளிக்கு அர்த்தமில்லை என்று பெய்லிங்கே சொன்னாள். பிறகு கோவின் காகிதத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டாள். ஐந்தில் நான்கு நீலம்.

"நாலு," என்றாள். இன்னொரு முறை எண்ணினாள். "நாலு, சித்தப்பா. தற்செயலா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அந்த அஞ்சாவது சிவப்பு ஏன் சீக்கிரம் காஞ்சுது?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீ படிக்கறே."

அவள் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். வால் நுனிப் புண்ணைப் பற்றி அவள் அதன் பிறகு மூன்று வருடம் ஆராய்ந்தாள். அது வேறு கதை, அதில் எண்கள் இவ்வளவு எளிதில் ஒத்துவரவில்லை.

"ரத்தம் எடுத்து முடிஞ்சுதா?" என்று கேட்டார் கோவ்.

"முடிஞ்சுது."

"நல்லா முடிஞ்சுதா? இனிமே எதுவும் அளக்கமாட்டியே?"

"மாட்டேன்."

அவர் வெளியே போய் ஆணியிலிருந்து ரொட்டியை எடுத்துவந்தார். ஒன்றாம் எண்ணிலிருந்து இருபத்து நான்குவரை ஒவ்வொரு கூண்டிலும் ஒரு கிள்ளு போட்டார். மருந்து குடித்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. யாருக்கும் விலக்கில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், டீத்தூள் டப்பாவில் ஒன்றரை வருடம் கிடந்து அன்று காலை வெளியே வந்த சீட்டை ஆஸ்பத்திரியில் நீட்டி மருந்து கேட்டார். தேதி கடந்துவிட்டது என்று சிரித்து மருத்துவர் புதிதாக எழுதிக் கொடுத்தார். செவிலி ஒருத்தி கற்றுத்தர வந்தபோது அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, எலியின் கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கும் அதே இரண்டு விரலால் தன் வயிற்றுத் தோலைப் பிடித்தார். குத்தினார்.

"வலிச்சுதா?" என்றாள் லாமெய்.

"எலி சத்தம் போடாததுக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது. வலிக்கவே இல்லை."

"விரல் போனப்பவும் அதைத்தான் சொன்னே."

ஊசி போட்ட பிறகு சாப்பிட அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ரொட்டியை மேசை மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அப்படியே பதினோரு வருடம், காலையும் மாலையும். ஓய்வு பெற்ற பிறகும் கோட்டு வீட்டில் கொக்கியில் தொங்கியது, கறுப்புத் தையலோடு.

கடைசிக் காலையிலும் ஊசியை ஏழு பத்துக்குப் போட்டிருந்தார். நேரத்தை அவரே குறித்து வைத்திருந்தார். ஏழு முப்பதுக்கு லாமெய் வெந்நீரோடு உள்ளே வந்தாள். ரொட்டி மேசையில் முழுதாக இருந்தது. அரை மணி ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.